ஆறு வருஷம் உறை பிரிக்காத பெட்டி

அந்த ஆஸ்பத்திரியில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லாருக்கும் அவர் 'பத்திரம்'. இருபத்திரண்டு வருஷமாக அங்கே எலக்ட்ரீஷியன். ஒரு திருப்புளியை இரவல் கொடுத்தாலும் "பத்திரம்" என்று சொல்லித்தான் கொடுப்பார். ஏணியில் ஏறுகிறவர்களிடமும் அதையே சொல்வார். ஏணியைச் சொல்கிறாரா, ஏறுகிற ஆளைச் சொல்கிறாரா என்று யாராவது கேட்டால் பதில் வராது. ஏணியைத்தான் சொன்னார்.

புதிதாக வந்த பொருளை உடனே எடுத்து உபயோகிப்பது அவர் கணக்கில் பெரிய ஊதாரித்தனம். புதுச் சட்டை அலமாரியில் இருக்கும், காலர் நைந்த சட்டை உடம்பில் இருக்கும். ஓட்டைக் குடையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வருவார், நல்ல குடை கதவுக்குப் பின்னால் உறையோடு தொங்கும். கல்யாணத்துக்கு வந்த தட்டுகளில் பாதி முப்பது வருஷமாகியும் அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை. "என்னையும் உறையோட பீரோவுல வச்சிருப்பாரு, சமைக்க ஆள் வேணுமேன்னுதான் வெளியே விட்டு வச்சிருக்காரு" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவருக்கு அவள், அவளுக்கு அவர், அவ்வளவுதான் குடும்பம்.

அந்த மனைவிதான் இப்போது நுரையீரலில் சளி கட்டி, அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே முதல் மாடி வார்டில் ஐந்து நாளாகப் படுத்திருந்தாள். மூக்கையும் வாயையும் மூடி ஆக்ஸிஜன் முகமூடி. அதை இரண்டு நிமிஷம் கழற்றினால் உதடு நீலம் பாய்ந்துவிடும். அவளைப் பார்த்துக்கொள்ள அவளுடைய தங்கை வந்திருந்தாள்.

அந்த வார்டுக்கு ஆக்ஸிஜன் வருவது ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் தகரக் கூரை போட்ட ஓர் அறையிலிருந்து. அங்கே ஓர் எந்திரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, ஆக்ஸிஜனை மட்டும் பிரித்துக் குழாயில் மேலே அனுப்பும். அதைச் சுழற்றுவது யானைக்குட்டி அளவுக்கு ஒரு மோட்டார். அந்த மோட்டாரை நேரடியாக மின்சாரத்தில் எழுப்பினால் வழக்கமான கரண்டைப்போல ஆறு மடங்கை ஒரே மூச்சில் இழுக்கும். அதனால் நடுவில் ஓர் இரும்புப் பெட்டி உண்டு, டிரைவ் என்பார்கள். வருகிற மின்சாரத்தை முதலில் தன் வயிற்றில் இருக்கும் நான்கு பெரிய கெப்பாசிட்டர்களில் நிரப்பிக்கொண்டு, பிறகு அளந்து அளந்து கொடுத்து, தூங்குகிற ஆளைத் தோளைத் தொட்டு எழுப்புவதுபோல மோட்டாரை எழுப்பிவிடும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெட்டி ஒரு தடவை மக்கர் செய்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியே ஆடிப்போனது. அன்றிலிருந்து இவர் மேலிடத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, நின்று, கெஞ்சி, சண்டை போட்டு, அதே ரகத்தில் இன்னொரு டிரைவ் வாங்க வைத்தார். அதைச் சாதித்தவர் இவர் ஒருவர்தான், அதில் சந்தேகமே இல்லை. வந்த பெட்டியைப் பிரிக்காமல், பிளாஸ்டிக் உறையோடு தன் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மாதம் ஒரு தடவை உறையின் மேல் தூசி தட்டுவார். மேலதிகாரிகள் வந்தால் அலமாரியைத் திறந்து காட்டுவார். ஜெனரேட்டர் பார்க்கும் நண்பர் ஒரு தடவை, "சும்மா மாட்டி ஓட்டித்தான் பாப்பமே" என்று கேட்டதற்கு இவர் முகம் சுருங்கிப்போயிற்று. "புதுசை எதுக்குப் பழசாக்கணும்? தேவைப்படுற அன்னைக்குப் புதுசா இருக்க வேணாமா?" என்றார்.

தேவைப்படுகிற நாள் ஒரு புயல் மழையோடு வந்தது. விடியும்போதே ஊரெல்லாம் மின்கம்பம் சாய்ந்து, ஆஸ்பத்திரி ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. எந்திர அறையின் தகரக் கூரை ஓரிடத்தில் பெயர்ந்து, தண்ணீர் சுவர் வழியாக இறங்கி, ஓடிக்கொண்டிருந்த டிரைவ் பெட்டிக்குள் மேல்பக்கமாகப் புகுந்தது. காலை ஆறே முக்காலுக்கு ஒரு வெடிச் சத்தம். பெட்டியின் மூளையாக இருக்கும் மேல் சர்க்யூட் பலகை கருகிப் போனது. மோட்டார் நின்றது. வார்டுக் குழாய் தானாகவே சிலிண்டர் வரிசைக்கு மாறிக்கொண்டது. சிலிண்டர்கள் பன்னிரண்டு, ஆக்ஸிஜனில் இருந்த நோயாளிகள் ஒன்பது பேர். தலைமை நர்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மத்தியானம் மூன்று மணி வரை தாங்கும் என்றாள். வெளியூரிலிருந்து சிலிண்டர் ஏற்றி வந்த லாரி, பாலத்துக்கு மேல் தண்ணீர் போவதால் அக்கரையில் நின்றிருந்தது. சாயங்காலத்துக்கு முன்னால் அது வராது.

முதலில் அவர் குறுக்கு வழியைத்தான் பார்த்தார். மோட்டாரை நேரடியாக ஜெனரேட்டரில் கொடுத்துப் பார்த்தார்கள். மோட்டார் ஒரு முக்கு முக்கியது, ஜெனரேட்டர் இருமி உட்கார்ந்தது, ஆஸ்பத்திரி முழுக்க ஒரு நிமிஷம் இருட்டு. மாடியிலிருந்து டாக்டரம்மாவே இறங்கி ஓடி வந்து, அறுவை அறையில் ஆள் படுத்திருக்கிறார், இன்னொரு தடவை இந்த வேலை வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதும் பத்திரம் கலங்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. இந்த ஒரு நாளுக்காகத்தானே ஆறு வருஷம் காத்து வைத்தார்? அலமாரியைத் திறந்தார். பிளேடால் உறையின் ஓரத்தை நேர்க்கோடாகக் கீறினார், அதையும் கிழிக்க மனசில்லை. பெட்டி பளபளவென்று இருந்தது. அதோடு ஒரு சிறு புத்தகம் வழுக்கிக் கீழே விழுந்தது. எடுத்து, இணைப்புப் படத்துக்காகப் புரட்டியவரின் கண் கட்டம் கட்டிய ஒரு குறிப்பில் போய் நின்றது. ஒரு வருஷத்துக்கு மேல் சும்மா வைத்திருந்த பெட்டிக்கு நேரடியாக மின்சாரம் கொடுக்கக் கூடாது, கெப்பாசிட்டர்கள் வெடிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது மின்சாரம் கொடுத்து வைக்க வேண்டும்.

மூன்று தடவை படித்தார். புத்தகத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கெப்பாசிட்டர் என்பது கரண்டைக் குடித்து வைத்துக்கொள்ளும் ஒரு டப்பா. காலியாக இருக்கும்போது அதற்குப் பேராசை. வழியில் தடை எதுவும் இல்லாவிட்டால் வருகிறதையெல்லாம் ஒரே வாயில் இழுக்கும். நடுவில் ஒரு தடையை வைத்தால் வரும் கரண்ட் குறையும், நிரம்ப நேரம் பிடிக்கும். தடை கூடினால் நேரமும் கூடும். உள்ளே ஏற ஏற அதன் இழுப்பு தானாகவே குறைந்து, நிரம்பியதும் நின்றுவிடும். நல்ல கெப்பாசிட்டருக்கு இதெல்லாம் விநாடிக் கணக்கு. ஆனால் வருஷக்கணக்காக மின்சாரத்தின் முகமே பார்க்காமல் கிடந்தால் அதன் உள்ளே இருக்கும் மெல்லிய தோல் அரித்துப்போகும். பிறகு எவ்வளவு குடித்தாலும் நிரம்பாது. உள்ளுக்குள்ளேயே கசியும், கசிவது சூடாகும், சூடு முற்றினால் வெடிக்கும். அதைத் திருத்த ஒரே வழி, பல நாள் பட்டினி கிடந்தவனுக்குச் செய்வதுபோல, பெரிய தடை வைத்து, துளித் துளியாகக் கரண்டைக் கொடுத்து, அந்தத் தோல் மறுபடி வளரும் வரைக்கும் காத்திருப்பது. புத்தகம் எட்டு மணி நேரம் என்றது. கடிகாரம் எட்டேகால் காட்டியது. மூன்று மணிக்கு ஏழு மணி நேரம்கூட இல்லை.

எலக்ட்ரீஷியன் கைக்கு எட்டும் மலிவான தடை குண்டு பல்பு. வாட் குறைந்த பல்பு பெரிய தடை, வாட் கூடிய பல்பு சின்னத் தடை. ஒரு பலகையில் இரண்டு பதினைந்து வாட் பல்புகளை அடுத்தடுத்து மாட்டி, அவற்றின் வழியாகப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார். பல்புகள் எரிந்தால் கரண்ட் போகிறது என்று அர்த்தம், மங்கினால் கெப்பாசிட்டர் நிரம்பி வருகிறது. ஊரில் எல்லாரும் பல்பு எரியவில்லையே என்று கவலைப்படுவார்கள். அவர் அது அணையவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அது அணையவில்லை. முழுதாக நிரம்பினால் மீட்டர் ஐந்நூற்று அறுபது வோல்ட் காட்ட வேண்டும். ஒன்பது மணிக்குத் தொண்ணூறு. பத்தரைக்கு நூற்றெண்பது. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு வாளி வைத்து, பெட்டிக்குத் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு ஜெனரேட்டர் நண்பர் பக்கத்தில் நின்றார். இவர் ஒரு கவிழ்த்துப்போட்ட டப்பா மேல் உட்கார்ந்து மீட்டரையே பார்த்தார். வேண்டாத தெய்வமில்லை. பதினொன்றரைக்கு இருநூற்றறுபது. மீட்டரின் எண் ஒன்று கூடுவதற்கு ஆகும் நேரத்தில் ஒரு நோயாளி எத்தனை தடவை மூச்சு விடுவார் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. நிறுத்தச் சொன்னால் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை மேலே ஓடினார். மனைவி கண்ணை மூடியிருந்தாள், நெஞ்சுக்கூடு ஏறி இறங்கியது. பக்கத்துக் கட்டிலில் ஒரு வயசான தையல்காரர். ஐந்து நாளாக இவர் காலரைப் பார்த்துப் பார்த்து, நான் எழுந்ததும் முதல் வேலை உங்க காலரைத் திருப்பித் தைக்கிறதுதான் என்று முகமூடிக்குள்ளிருந்தே வம்பு செய்துகொண்டிருந்தவர். அன்று அவர் பேசவில்லை, கையை மட்டும் தூக்கிக் காட்டினார். பஸ் கண்டக்டர் வேலை பார்க்கும் அவருடைய மகன் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டிருந்தான். மலைப்பக்கமாகச் சுற்றிப் போனால் பாலத்தைத் தொடாமல் லாரியிடம் போய்விடலாம், ஒரு சிலிண்டரையாவது பைக்கில் கட்டி எடுத்து வந்துவிடுகிறேன் என்றான். போய் வரட்டும் என்று தையல்காரரும் தலையாட்டினார். இவரைப் பார்த்து மகன், பெட்டி எப்போ ஓடும் என்று கேட்டான். மூன்று மணிக்குள் ஓட்டிவிடுவேன் என்றார் பத்திரம். அந்த நேரத்தில் வேறு எதைச் சொல்ல முடியும்?

கீழே வந்தபோது மீட்டர் இருநூற்றுத் தொண்ணூறில் நின்றது. இந்த வேகத்தில் போனால் இருட்டிவிடும். பதறாத காரியம் சிதறாது என்று அவருக்கும் தெரியும், வேறு எவரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் மாடியில் இருக்கிறது அவர் பெண்டாட்டி. பதினைந்து வாட்டைக் கழற்றி அறுபது வாட் மாட்டினார். தடை குறைந்தது, கரண்ட் கூடியது, எண் சரசரவென்று முந்நூற்றெழுபதுக்கு ஏறியது. கெப்பாசிட்டரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், வெதுவெதுப்பு. பரவாயில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஒரு மணிக்கு நூறு வாட். நானூற்று நாற்பது. இப்போது சூடு. அங்கேயே நின்றது, அரை மணி நேரமாக ஒரு எண்கூட நகரவில்லை, பல்புகள் இரண்டும் கொஞ்சமும் மங்காமல் எரிந்தன.

மைத்துனி வந்து கதவோரம் நின்றாள். சிலிண்டர் மீட்டரின் முள் சிவப்புப் பக்கம் போய்விட்டதாக நர்ஸ் சொல்கிறாள் என்றாள். "அத்தான், அக்கா கேக்குது. நீங்க எங்கன்னு கேக்குது." இவர் திரும்பிப் பார்க்கவில்லை. வருகிறேன் என்று சொல் என்றார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. இருநூறு வாட் பல்புகள் இரண்டைத் தேடி எடுத்து மாட்டினார். ஜெனரேட்டர் நண்பர் வேண்டாம் என்று கையைப் பிடித்தார், உதறினார். எண் நானூற்றெண்பதைத் தொட்டது. ஐந்நூறு. நண்பர்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஒன்று ஐம்பதுக்கு, நான்கில் இரண்டாவது கெப்பாசிட்டரின் தலை உப்பியது. அவர் சுவிட்சை எட்டுவதற்குள் அது சீறிப் பிளந்தது. கொதிக்கும் திரவமும் புகையும் அவருடைய வலது கையில் முழங்கை வரை அடித்தன.

நண்பர் அவர் கையை வாளித் தண்ணீரில் அமுக்கினார். வலியை அவர் உணர்ந்த மாதிரியே தெரியவில்லை. வாயைத் திறந்து காற்றை விழுங்கினார், அழுகை வந்தது. மற்ற மூன்றும் இனி எந்த நேரமும் அதே வழியில் போகும். சிலிண்டர் இன்னும் ஒரு மணி நேரம். தன் பெண்டாட்டியைத் தானே கழுத்தை நெரித்துக் கொன்றுகொண்டிருப்பதாக அவர் உரக்கவே சொன்னார்.

கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் நண்பர் மூலையில் பார்த்தார். காலையில் கழற்றி, கழிவு என்று இவர் காலால் தள்ளிவிட்ட பழைய பெட்டி அங்கே கிடந்தது. "அந்தப் பழசுக்குள்ள இருக்கறதும் இதே டப்பாதானே? மேல்பலகைதானே எரிஞ்சுது?" என்றார்.

பத்திரம் அவரையே பார்த்தார். ஒரே கம்பெனி, ஒரே ரகம், ஒரே அளவு. தண்ணீர் மேலே புகுந்து பலகையை எரித்தது, கெப்பாசிட்டர்கள் அடியில். அவை ஆறு வருஷமாக ஒரு நாள்கூட ஓய்ந்ததில்லை, இன்று காலை வரை மின்சாரம் குடித்தவை. அந்தப் பெட்டி காலையிலிருந்து பத்தடி தூரத்தில் கிடந்தது. பழசு என்று ஆனபின் அதற்குள் நல்லது ஒன்று இருக்கக்கூடும் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை. எட்டியிருந்தால் பத்து மணிக்கு வேலை முடிந்திருக்கும். இந்த நினைப்பு வந்ததும் அவருக்குக் கை எரிச்சலைவிட அதிகமாக நெஞ்சு எரிந்தது.

பழைய பெட்டியைத் திறந்து, ஒரு கெப்பாசிட்டரை வெளியே எடுத்து, பல்பு வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பல்புகள் ஒரு தடவை பளிச்சென்று எரிந்தன, உடனே மங்கின, அணைந்தன. நிரம்பிவிட்டது. கசிவே இல்லை. நான்கும் அப்படியே. நண்பர் சிரித்தேவிட்டார். இவர் சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே கால்.

புதுப்பெட்டியில் மிச்சமிருந்த கரண்டை ஒரு பல்பில் வடித்துவிட்டு, கெட்டவை நான்கையும் கழற்றி, பழையவை நான்கையும் மாட்ட வேண்டும். ஆற அமரச் செய்தால் ஒன்றரை மணி நேர வேலை. ஒவ்வொன்றுக்கும் பட்டை, திருகு, பிளஸ் மைனஸ் பார்த்து மாட்டுதல். வலது கை விரல்கள் வீங்கித் திருகைப் பிடிக்க மறுத்தன. இடது கையால் பிடித்தார், நண்பர் திருப்பினார். ஒரு திருகு தவறித் தரையில் தேங்கியிருந்த தண்ணீருக்குள் விழுந்தது, முட்டி போட்டுத் துழாவினார். மூன்று மணி ஐந்து நிமிஷத்துக்கு மாடியிலிருந்து நர்ஸின் குரல் ஜன்னல் வழியாக வந்தது. முடிந்துவிட்டது, சிலிண்டர் முடிந்துவிட்டது என்றது அந்தக் குரல். இன்னும் ஒரு கெப்பாசிட்டர் மாட்ட வேண்டியிருந்தது.

மூன்று பதினெட்டுக்குச் சுவிட்சைப் போட்டார். பெட்டிக்குள்ளேயே வாசலில் உட்கார்ந்திருக்கும் சின்னத் தடை வழியாகக் கெப்பாசிட்டர்கள் குடித்து நிரம்பின. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், தடை விலகி நேர்வழி திறந்தது. மோட்டார் முனகி, அசைந்து, மெல்ல வேகம் பிடித்தது. குழாயில் அழுத்தம் ஏறி வார்டுக்குப் போய்ச் சேர மூன்று இருபத்தைந்து ஆனது.

அந்த இருபது நிமிஷத்தில் மேலே நடந்ததை அவர் பிறகுதான் கேட்டார். கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ரப்பர் பைகள் ஆறு இருந்தன. பக்கத்தில் ஆள் இருந்த நோயாளிகளுக்கு, எப்படி அமுக்குவது என்று காட்டிவிட்டு, பையைக் கொடுத்தார்கள். மைத்துனி தன் அக்காவுக்கு இருபது நிமிஷமும் நிறுத்தாமல் அமுக்கினாள். ஆள் இல்லாதவர்களுக்குத் தலைமை நர்ஸும் டாக்டரம்மாவும் ஓடி ஓடி மாறி மாறிச் செய்தார்கள். தையல்காரருக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. நர்ஸ் அவரிடம் மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

பத்திரத்தின் மனைவி பிழைத்துக்கொண்டாள். இவர் வார்டுக்குள் வந்து அவள் காலடியில் நின்றபோது உதடு பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தது. டாக்டரம்மா இவர் கைக்குக் கட்டுப்போட்டுக்கொண்டே, நீங்கள் இல்லாவிட்டால் இன்றைக்கு ஒன்பது பேரும் போயிருப்பார்கள் என்றார். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வருஷா வருஷம் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்ற குறிப்பு வேறு யாருக்கும் தெரியாது. புத்தகம் அவருடைய பையில் இருந்தது, அதைக் கிழித்து வாளியில் போட்டால் முடிந்தது கதை. ஆனால் மனைவியிடம் மறைத்துப் பழக்கமில்லை. கட்டிலோரம் குனிந்து, அவள் காதில், ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். அவள் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள்.

தையல்காரரின் மகன் நாலரைக்கு வந்தான். ஒரு சிலிண்டரைப் பைக்கில் கட்டிக்கொண்டு, சேறும் சகதியுமாக. கீழேயே அவனிடம் சொல்லிவிட்டார்கள், கீழறையில் அப்பாவைக் காட்டியும்விட்டார்கள். அவன் மேலே வந்தது அவருடைய கண்ணாடியையும் துண்டையும் எடுத்துக்கொள்ள. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். பிறகு பத்திரத்தின் கைக்கட்டைப் பார்த்தான்.

"கையே வெந்துபோச்சேண்ணே. எல்லாம் சொன்னாங்க. நீங்க இவ்வளவு பாடுபட்டிருக்கீங்க. நான்தான் அவர் பக்கத்துல இல்லாம போயிட்டேன்." அப்பாவின் கண்ணாடியைத் துண்டில் சுற்றினான். "இருந்திருந்தா நானே அமுக்கியிருப்பேன். சிலிண்டர் எடுக்கப் போறேன்னு கிளம்பினேன் பாருங்க, நான்தான் கொன்னுட்டேன்."

அவன் இவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பத்திரம் மரம்போல நின்றார். அவனைத் தட்டிக்கொடுத்து, விதி என்று சொல்லிவிட்டால் போதும். நாக்கு நுனி வரை அந்த வார்த்தை வந்தது. அப்போது கட்டிலிலிருந்து மனைவி முகமூடியை விரலால் நகர்த்தினாள். அவ்வளவு பேசவே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அந்தப் பையன் மேல தப்பில்லன்னு சொல்லுங்க. நீங்கதான் சொல்லணும்."

அவர் சட்டைப் பையிலிருந்து அந்தச் சிறு புத்தகத்தை எடுத்தார். கட்டம் கட்டிய இடத்தைத் திறந்து அவனிடம் கொடுத்தார். பெட்டியை ஆறு வருஷம் தொடாமல் பூட்டி வைத்ததையும், அதனால் அது கெட்டதையும், நல்லது மூலையில் கிடந்தும் காலையிலிருந்து தன் கண்ணுக்குத் தெரியாமல் போனதையும், மூன்று மணிக்குள் ஓட்டுகிறேன் என்று அவனிடம் சொன்னபோது ஓடும் என்று தனக்கே தெரியாததையும் சொன்னார். நிறுத்தாமல் சொன்னார். தான் ஒழுங்காக இருந்திருந்தால் காலை ஒன்பது மணிக்கே மோட்டார் ஓடியிருக்கும், அவன் எங்கேயும் போக வேண்டியே வந்திருக்காது என்றார்.

மகன் அவர் கையை விட்டுவிட்டான். புத்தகத்தைப் படித்தான். நிதானமாக, விரலை வைத்துப் படித்தான்.

"வருஷத்துக்கு ஒரு தடவை போடணும்னு போட்டிருக்கு. போட்டா எவ்வளவு நேரம் ஓடணும்?"

"ஒரு மணி நேரம், தம்பி."

"ஆறு வருஷத்துக்கு ஆறு மணி நேரம்."

"ஆமா."

அடிப்பான் என்று பத்திரம் எதிர்பார்த்தார், அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் அடிக்கவில்லை. புத்தகத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து, சேறு அப்பியிருந்த ஷூவின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.